கல்நார் நீங்கியதா? காற்றுக்கு ஒரு தேர்வு

வேதியியல் ஆய்வகத்தில் முக்காலியின்மேல் வைக்கும் கம்பிவலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவே வட்டமாக ஒரு வெண்பூச்சு இருக்கும். முன்னாளில் அப்பூச்சு கல்நாரால் ஆனது. இப்போது வாங்கும் வலைகளில் பீங்கான் போன்ற பொருளைப் பூசியிருக்கிறார்கள். ஆய்வகத்து வலையை மாற்றுவது எளிது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும். ஆனால் தலைக்கு மேலுள்ள கூரையே கல்நாரால் ஆனதாயின்? அதைக் கழற்றி எடுத்தபின், அவ்விடத்தில் கொத்தனார் வேலை தொடங்கலாமா, பிள்ளைகள் உட்காரலாமா என்பதை யார், எப்படி முடிவு செய்வது? இக்கேள்விக்கு விடை காணும் முறையில் நீங்கள் படிக்கும் இயற்பியலும் கணக்கும் நிறையவே உள்ளன. அவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கல்நார் என்பது யாது?

பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. கல்லாகவும் இருக்கும், நாராகவும் பிரியும். ஆங்கிலப் பெயரான ஆஸ்பெஸ்டாஸ் என்பதே நம் ஊர்களில் பெரிதும் வழங்குகிறது. நிலத்திலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில சிலிகேட் கனிமங்களுக்கு இது பொதுப்பெயர். வெண்கல்நார், நீலக்கல்நார், பழுப்புக்கல்நார் என்பவை வாணிகத்தில் முக்கியமானவை. வெண்கல்நாரின் இழைகள் சுருண்டு வளைபவை. மற்ற இரண்டும் ஊசிபோல் நேரானவை.

கல்நார் தீயில் எரியாது, மின்சாரத்தை எளிதில் கடத்தாது, இழுத்தால் எளிதில் அறாது, விலையும் குறைவு. இக்குணங்களால் கொதிகலன் உறை, வண்டிகளின் பிரேக் பட்டை, தீத்தடுப்புத் துணி எனப் பலவற்றில் அதைப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் அதன் முதன்மையான பயன் கூரைத் தகடுதான். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெண்கல்நாரைச் சிமெண்டுடன் கலந்து அலை அலையாக வார்த்த தகடுகளே நாம் ‘சிமெண்ட் சீட்’ என்றும் ‘ஆஸ்பெஸ்டாஸ் சீட்’ என்றும் சொல்பவை.

ஓலைக்கூரை தீப்பற்றும் என்பதற்காகவே பலர் இத்தகடுகளை நாடினர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக்கூரை கூடாதென்று அரசு விலக்கியது. தீயிலிருந்து காக்கும் கூரை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தீக்கு அஞ்சாத அதே பொருளுக்கு வேறொரு தீங்கு உண்டு.

இழையால் விளையும் கேடு

நமது தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கல்நார் உடையும்போது குறுக்கே துண்டாவதைவிட நெடுக்கே பிளப்பதே மிகுதி. பிளக்கப் பிளக்க இழை மெலிகிறது. அரை மைக்ரோமீட்டரினும் மெலிந்த இழைகள் மூச்சுக்காற்றுடன் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்றுவிடும். அங்கே அயற்பொருள்களை விழுங்கித் துப்புரவு செய்யும் செல்கள் உள்ளன. நீண்ட இழையை அவற்றால் முழுமையாக விழுங்க முடிவதில்லை. இழை அங்கேயே தங்கி, திசுவை ஓயாமல் உறுத்துகிறது.

இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924-இல் தமது 33-ஆம் வயதில் இறந்தார். அவரது நுரையீரல் தழும்பேறியிருந்ததை மருத்துவர் வில்லியம் குக் அதே ஆண்டில் எழுதினார். 1931-இல் பிரிட்டன் கல்நார் ஆலைகளின் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் இயற்றியது. 1960-இல் வாக்னரும் அவருடன் பணியாற்றியோரும் தென்னாப்பிரிக்காவில் நுரையீரல் உறையில் தோன்றும் அரிய புற்றுநோய்க்கு ஆளான 33 பேரைப் பற்றி எழுதினர். அவர்களிற் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். சுரங்கங்களுக்கு அருகில் சிறு வயதில் வாழ்ந்தவர்கள்.

இந்நோய்கள் இழை உட்சென்ற மறுநாள் தோன்றுவதில்லை. பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தோன்றுகின்றன. அறுபது வயதுக்காரர் இன்று சுவாசிக்கும் இழைக்கும், பன்னிரண்டு வயது மாணவி சுவாசிக்கும் இழைக்கும் இதுவே வேறுபாடு. நோய் முற்றி வருவதற்குரிய காலம் அம்மாணவியின் வாழ்வில் முழுமையாக எஞ்சியிருக்கிறது. வெண்கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவு.

கொல்லிமலையில் ஒரு கூரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழையும் பனிமூட்டமும் மிகுந்த இடம். அங்கே ஒரு சிற்றூரில் கல்நார்த் தகடு வேய்ந்த வகுப்பறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தகடுகளைக் கழற்றிவிட்டுக் காங்கிரீட் தளம் போடப் போகிறார்கள். இக்கற்பனை வகுப்பறையை நமது எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

புதிய தகட்டில் சிமெண்டு இழைகளை இறுகப் பிடித்திருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, சிறிதளவு அமிலத்தன்மையுள்ள மழைநீர் மேற்பரப்பிலுள்ள சிமெண்டைக் கரைக்கிறது. பாசியும் கல்பாசியும் படர்ந்து அதை மேலும் அரிக்கின்றன. இழைகள் வெளியே நீட்டுகின்றன. மழையில் கழுவப்பட்டு, கூரையின் சொட்டுநீர் விழும் கோட்டிலுள்ள மண்ணில் சேர்கின்றன. ஆகவே பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, தகட்டை ரம்பத்தால் அறுப்பது, மேலிருந்து போட்டு உடைப்பது ஆகிய மூன்றும் மிகத் தவறான செயல்கள்.

முறையாகக் கழற்றுவோர் முதலில் தகட்டை நீரால் நனைப்பார்கள். ஈரப்படலம் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. கொக்கி போல்ட்டுகளை அறுக்காமல் கழற்றி, தகட்டை முழுதாகக் கீழே இறக்குவார்கள். தடித்த பாலித்தீன் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டுவார்கள். காரவள்ளி வழியாகக் கீழே இறங்கும் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கட்டு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து தூளாகும். கழற்றுவோருக்குத் தக்க முகமூடியும் தனியுடையும் தேவை. வாயைத் துண்டால் கட்டிக்கொள்வது பயன் தராது. மாணவர்கள் இவ்வேலைக்கு உதவச் செல்லக்கூடாது.

தகடுகள் போய்விட்டன. அறை வெறுமையாக இருக்கிறது. தரையைப் பெருக்கியும் ஆயிற்று. இனி வேலையைத் தொடங்கலாமா?

கண்ணுக்குத் தெரியாத தூசி

ஒரு சிறு துகள் காற்றில் விழும்போது சிறிது நேரத்தில் மாறாத வேகத்தை அடைகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். ஸ்டோக்ஸ் விதிப்படி அவ்வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும்.

நீரின் அடர்த்தியுள்ள உருண்டைத் துகள்கள் 3 மீட்டர் உயரத்திலிருந்து அசைவற்ற காற்றில் விழுவதாகக் கொள்வோம். 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் ஏறத்தாழ 12 விநாடியில் தரையை அடையும். 10 மைக்ரோமீட்டர் துகளுக்கு ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். 1 மைக்ரோமீட்டர் துகளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

இழை உருண்டை அன்று. ஆனால் மெல்லிய இழை விழும் வேகத்தை அதன் நீளத்தைவிடக் குறுக்களவே பெரிதும் தீர்மானிக்கிறது. அரை மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள கல்நார் இழை, 1.5 மைக்ரோமீட்டர் நீர்த்துளியைப் போல விழும். 3 மீட்டர் இறங்க அதற்கு ஏறக்குறைய அரை நாள் ஆகும். அதுவும் காற்று அசையாதிருந்தால்தான். ஒருவர் நடந்தாலே மீண்டும் மேலெழும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் கனத்த தூசி முறத்திற்கு வரும். கேடு செய்யும் மெல்லிழை காற்றுக்குப் போகும். பெருக்கிய தரை பளிச்சென்று இருக்கும்போதே காற்றில் இழைகள் மிகுந்திருக்கக்கூடும்.

ஆகவே கண்ணுக்குத் துப்புரவாகத் தெரிவது மட்டும் போதாது. இதற்காகவே பல நாடுகளில், கல்நாரை அகற்றியபின் அவ்விடத்தை மீண்டும் பயன்படுத்தலாம் என்று ஒரு சான்றிதழ் வழங்கும் முறை தோன்றியது.

நான்கு கட்டத் தேர்வு

பிரிட்டனின் முறை தெளிவாக வகுக்கப்பட்டது. குழாய் உறை, தெளித்த பூச்சு போன்ற எளிதில் உதிரும் கல்நாரை அகற்றும்போது, அறையைப் பாலித்தீன் தாளால் மூடி ஒரு கூடாரம் போலாக்குவார்கள். உள்ளிருக்கும் காற்றை நுண்வடிகட்டி வழியாக உறிஞ்சி வெளியேற்றுவார்கள். உள்ளே அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பதால் காற்று உள்நோக்கியே பாயும். இழை வெளியே கசியாது. வேலை முடிந்தபின் தேர்வு நான்கு கட்டங்களாக நடைபெறும்.

முதற்கட்டத்தில் கூடாரத்தின் வெளிப்புறத்தையும், எடுக்க வேண்டியவை அனைத்தையும் எடுத்தாயிற்றா என்பதையும் சரிபார்ப்பார்கள்.

இரண்டாம் கட்டத்தில் தேர்வாளர் உள்ளே சென்று ஒவ்வோர் இடுக்கையும் கண்ணால் ஆராய்வார். விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சித் தூசியைத் தேடுவார். சன்னல் வழி வரும் வெயிற்கீற்றில் தூசி மின்னுவதற்குக் காரணமான டிண்டால் விளைவே இங்கும் துணைபுரிகிறது. தூசி தென்பட்டால் மீண்டும் துப்புரவு செய்ய வேண்டும். இக்கட்டத்தில் தேறாத அறைக்கு அடுத்த கட்டம் இல்லை.

மூன்றாம் கட்டம் காற்றுச் சோதனை. அறை நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இழைகளைப் பிடித்துவைத்துக்கொண்டால் சோதனை ஏமாற்றிவிடும். அதே காரணத்தால், சோதனைக்கு முன் பசை போன்ற எதையும் மேற்பரப்பில் தெளிக்கக்கூடாது. அதுமட்டுமன்று, தேர்வாளரே தூரிகையால் சுவரையும் தரையையும் தட்டித் தூசியைக் கிளப்புவார். அமெரிக்காவில் காற்றூதும் கருவிகொண்டே கிளப்புகிறார்கள். அவ்வறையில் நாளை மக்கள் நடப்பார்கள், நாற்காலிகளை இழுப்பார்கள். அப்போது எழக்கூடிய இழைகள் இன்றே எழட்டும் என்பதே நோக்கம். தேறுவதற்கு எளிதான தேர்வால் யாருக்கும் பயனில்லை.

நான்காம் கட்டத்தில் கூடாரத்தைப் பிரித்தபின், மடிப்புகளிலிருந்து எதுவும் உதிர்ந்துள்ளதா என்று இறுதியாகப் பார்ப்பார்கள். அதன்பின்பே சான்றிதழ்.

இழைகளை எண்ணுவது எப்படி?

காற்றுச் சோதனையின் கணக்கை நாமே செய்து பார்ப்போம். ஒரு சிறு பம்பு, நிமிடத்திற்கு 8 லிட்டர் வீதம் 60 நிமிடம் காற்றை ஒரு சவ்வு வடிகட்டியின் வழியே இழுக்கிறது. மொத்தம் 480 லிட்டர். அதிலுள்ள இழைகள் வடிகட்டியில் தங்குகின்றன. காற்றுப்பட்ட வட்டத்தின் விட்டம் 22 மி.மீ. எனில், அதன் பரப்பு 3.14 × 11 × 11 = 380 சதுர மி.மீ.

வேதிப்பொருளால் வடிகட்டியை ஒளி ஊடுருவும்படி செய்து, கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் 500 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இழையின் ஒளிவிலகல் எண்ணும் சூழ்ந்துள்ள ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணும் சற்றே வேறுபடுகின்றன. அதனால் ஒளியலைகளில் உண்டாகும் கட்ட வேறுபாட்டை இந்நுண்ணோக்கி ஒளி, இருள் வேறுபாடாக மாற்றிக் காட்டும். 5 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளமும், 3 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த அகலமும், அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட நீளமும் கொண்டவற்றையே இழை என்று எண்ணுவார்கள்.

வடிகட்டி முழுவதையும் எண்ண முடியாது. 0.1 மி.மீ. விட்டமுள்ள 200 வட்டங்களை மட்டும் பார்ப்பார்கள். ஒரு வட்டத்தின் பரப்பு 3.14 × 0.05 × 0.05 = 0.00785 சதுர மி.மீ. 200 வட்டங்களுக்கு 1.57 சதுர மி.மீ. ஆக, நாம் பார்த்தது முழுப்பரப்பில் 242-இல் ஒரு பங்கு.

200 வட்டங்களில் 20 இழைகள் கிடைத்தன என்க. வடிகட்டி முழுவதும் 20 × 242 = 4,840 இழைகள். காற்றின் கன அளவு 4,80,000 மி.லி. வகுத்தால் மி.லி.க்கு ஏறத்தாழ 0.01 இழை. இதுவே பிரிட்டனில் தேர்ச்சிக்குரிய எல்லை. இதற்கு மேல் போனால் அறை தேறாது; மீண்டும் துப்புரவு, மீண்டும் சோதனை.

200 வட்டங்கள் ஏன்? எல்லை அளவில் பத்து வட்டத்திற்கு ஓர் இழைதான் இருக்கும். பத்து வட்டம் மட்டும் பார்த்தால் ஒன்றும் கிடைக்காமலே போகலாம், இரண்டும் கிடைக்கலாம். தற்செயலாக நிகழ்வனவற்றை எண்ணும்போது வரும் ஏற்றத்தாழ்வு, எண்ணிக்கையின் இருமடி மூலத்தை ஒட்டியிருக்கும். 20-க்கு அது ஏறத்தாழ 4.5. பார்ப்பது கூடக்கூட முடிவின் உறுதியும் கூடும்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

மி.லி.க்கு 0.01 இழை என்பது மிகச் சிறிய எண்ணாகத் தோன்றும். வேறு அலகில் பார்ப்போம். அது லிட்டருக்கு 10 இழை. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் நிமிடத்திற்கு 8 லிட்டர் காற்றை இழுப்பதாகக் கொண்டால், நிமிடத்திற்கு 80 இழை. 5 மணி நேரப் பள்ளி நாளில் 24,000 இழை. ஆகவே இந்த எல்லை ‘அபாயமற்ற அளவு’ அன்று. துப்புரவு சரியாக நடந்ததா என்று காட்டும் ஓர் அடையாளம் மட்டுமே. நன்கு துப்புரவு செய்த அறையில் உண்மையான அளவு இதனினும் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

நுண்ணோக்கிக்கும் வரம்பு உண்டு. பருத்தி இழையையும் கல்நார் இழையையும் இம்முறை பிரித்தறியாது. ஐயம் வந்தால் கல்நார் என்றே கொள்வார்கள். 0.2 மைக்ரோமீட்டரினும் மெலிந்த இழை இந்நுண்ணோக்கியில் தெரியாது. அதற்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக் கட்டடங்களுக்கென்றே 1986-இல் இயற்றிய சட்டத்தின் கீழ், பெரிய அகற்றல் வேலைகளின் காற்று மாதிரிகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய வேண்டும்.

மற்றொரு கேள்வி, சோதிப்பவர் யார் என்பது. அகற்றியவரே தம் வேலைக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளக்கூடாது. நம் நாட்டைத் தொட்ட ஒரு நிகழ்ச்சி இதை விளக்கும். பிரான்சின் பழைய விமானந்தாங்கிக் கப்பலான கிளமான்சோ, உடைக்கப்படுவதற்காக 2005 இறுதியில் குஜராத்தின் அலங் துறையை நோக்கிப் புறப்பட்டது. அதிலிருந்த கல்நாரில் ஒரு பகுதியை முன்னரே அகற்றியிருந்தனர். ஆனால் எஞ்சியது எவ்வளவு என்பதில் ஒவ்வொரு தரப்பும் ஒவ்வோர் எண்ணைச் சொல்லிற்று. நமது உச்ச நீதிமன்றம் வரை வழக்கு வந்தது. 2006 பிப்ரவரி 15 அன்று பிரெஞ்சு அதிபர் கப்பலைத் திரும்ப அழைத்தார். அனைவரும் நம்பத்தக்க ஒரே அளவீடு இல்லாதபோது இத்தகைய குழப்பம் நேர்கிறது.

திறந்த கூரைக்கு எது பொருந்தும்?

இனி நமது கொல்லிமலை வகுப்பறைக்கு வருவோம். சிமெண்டில் இறுகிய தகட்டைத் திறந்தவெளியில் கழற்றும்போது, பிரிட்டனிலும் நான்கு கட்டத் தேர்வு முழுவதும் பொதுவாக வேண்டப்படுவதில்லை. மலைக்காற்று இழைகளை அடித்துச் சென்றுவிடுவதால், அங்கே காற்றை அளந்து பெரிதாக ஒன்றும் அறிய முடியாது. அப்படியானால் இரண்டாம் கட்டமாகிய கண்ணாராய்தலே முதன்மை பெறுகிறது. சுவர்த்தலைப்பில் உடைந்த துண்டு உண்டா? மரச்சட்டங்களின்மேல் தூள் படிந்துள்ளதா? மழைநீர் வழியிலும் சொட்டுநீர்க் கோட்டிலும் உள்ள மண்ணை ஈரமாக்கி எடுத்தார்களா? ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் கழிவோடு கட்டினார்களா? இவற்றை வேலை செய்யாத ஒருவர் பார்த்து, தேதியிட்டு எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன்பின் கொத்தனார் சுவரைக் கொத்தலாம். வரிசை மாறினால், சுவர்த்தலைப்பில் கிடந்த தூளைக் கொத்தனாரின் உளியே காற்றில் எழுப்பும்.

நம் நாட்டில் கல்நார்க் கழிவை அகற்றுவதற்கும், காற்றிலுள்ள இழைகளைச் சவ்வு வடிகட்டியால் எண்ணுவதற்கும் இந்தியத் தர நிர்ணயங்கள் 1986 முதல் உள்ளன. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், கல்நார் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அவர்களது உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் பேணவும் ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் ஒதுக்கப்பட்ட கல்நாரும் இடம்பெற்றுள்ளது. எனினும் பிரிட்டனைப்போல் கட்டடம்தோறும் துப்புரவுச் சான்றிதழ் வேண்டும் என்னும் தனிச்சட்டம் இங்கில்லை. கழற்றிய தகடு மாட்டுக்கொட்டகைக்கும் கோழிக்கூட்டுக்கும் போவதை, உடைந்த துண்டுகள் பாதைப் பள்ளத்தை நிரப்புவதை நாம் காண்கிறோம்.

ஆகையால், உங்கள் ஊரில் இத்தகைய வேலை நடக்கும்போது ஒரு கேள்வியையாவது பெரியவர்களிடம் கேளுங்கள்: “கழற்றியாயிற்று, சுத்தமாயிற்றா என்று பார்த்தது யார்?” நல்ல நிலையிலுள்ள தகட்டைப் பயந்துகொண்டு உடனே உடைக்க வேண்டியதில்லை. அதைத் துளையிடாமல், தேய்க்காமல் விட்டுவைப்பதே தற்காலிகமாக நல்லது. எடுக்கும் நாள் வரும்போது முறையோடு எடுத்து, எடுத்தபின் சோதித்து, சோதித்ததை எழுதிவைக்க வேண்டும். 40 ஆண்டு கழித்து வெளிப்படும் நோய்க்கு எதிராக இன்று நம் கையிலிருப்பது இந்த எச்சரிக்கையே.

பயிற்சி

1. 480 லிட்டர் காற்றில், 200 வட்டங்களில் 12 இழைகள் இருந்தன. அறை தேறுமா?

2. பம்பு பழுதாகி 240 லிட்டர் காற்றையே இழுத்தது. அப்போதும் 12 இழைகள் எனில் முடிவு என்ன?

3. 10 மைக்ரோமீட்டர் துகள் 3 மீட்டர் விழ 17 நிமிடம் ஆகுமெனில், 20 மைக்ரோமீட்டர் துகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

விடைகள்: (1) மி.லி.க்கு 0.006 இழை, தேறும். (2) மி.லி.க்கு 0.012 இழை, தேறாது. (3) ஏறத்தாழ 4 நிமிடம்.